தேசியச் சுவரும் ட்ரூஸ் அம்மாளின் குளியலும்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எல்லோருக்கும் கைவருகிற வித்தை இல்லை. லாமெர்ட் வெர்கௌலுக்கு அது அறவே வரவில்லை. ஹார்லெம் நகரத்தில் பேருந்து ஓட்டிய காலமெல்லாம், வழி கேட்டவர்களுக்கு வண்டியையே நிறுத்தி வழி சொன்ன மனிதர் அவர். ஓய்வு பெற்ற பிறகு வழி கேட்க ஆளில்லாமல் போயிற்று. அந்தக் குறையில்தான், செய்தித்தாள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி மாட்டிக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழை பெய்தது என்று ஒரு சாக்கு இருக்கும்.

செய்தித்தாளில் வந்தது ஒரு பழைய நிழற்படம். நிழற்படம் என்கிற சமாசாரம் நெதர்லாந்துக்கு வந்த புதிதில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்தது. வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு பெண் செங்கல் சுவருக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து மீன் செதில் சுரண்டுகிறாள். பக்கத்தில் ஒரு கைப்பம்பு, ஒரு வாளி. கையில் காசுள்ளவர்கள் மட்டுமே படமெடுத்துக்கொண்ட காலத்தில், எளிய மக்களின் அன்றாட வாழ்வைக் காட்டிய ஆரம்பகாலப் படங்களில் ஒன்று என்று கீழே போட்டிருந்தார்கள். இந்த இடம் எதுவென்று தெரிந்தவர்கள் தேசியத் தொல்நிழற்படப் பேரவைக்குத் தெரிவிக்கவும் என்றும் போட்டிருந்தார்கள்.

லாமெர்ட் காப்பியை வைத்துவிட்டு எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தார். இடதுபக்கம் துருப்பிடித்த கைப்பம்பு. எதிரே, ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரிந்து இறங்கும் செங்கல் சுவர். படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அச்சு அசல் அதேதான். காப்பி ஆறுவதற்குள் பேரவைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். சொன்னதும் மனசு நிறைந்திருந்தது. அந்த நிறைவு மறுநாள் மதியம் வரைதான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உண்மையில் அப்போது அவர் செய்யவேண்டிய வேலை வேறு. அவர் மனைவி ட்ரூஸ் பக்கவாதம் வந்து ஊர் எல்லையில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் கிடந்தாள். உடம்பு ஓரளவு தேறிவிட்டது. வலதுகைதான் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை, கால்கள் நிற்கவில்லை. வீட்டுக்கு அனுப்பத் தயார் என்றார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு. கீழ்த்தளத்திலேயே குளியலறை வேண்டும். இருந்த குளியலறையும் படுக்கையறையும் மாடியில், அந்த வீட்டு மாடிப்படியோ ஏணிக்குத் தங்கச்சி. நல்ல கால் உள்ளவர்களே கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள். ஆகவே கொல்லைச் சுவரை இடித்து, அங்கே ஒரு குளியலறை கட்டி, ட்ரூஸை வீட்டுக்குக் கொண்டுவருவது என்று லாமெர்ட் தீர்மானித்திருந்தார். கொத்தனார்கூட வருவதாகச் சொல்லிவிட்டார். ஹார்லெமில் கொத்தனார் வருவதாகச் சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை.

ட்ரூஸ் ஆயுசு முழுக்கச் சந்தையில் ஹெர்ரிங் மீன் விற்றவள். பக்கவாதம் அவள் வார்த்தைகளில் பெரும்பாலானவற்றை வாரிக்கொண்டு போய்விட்டது. வசவுகளை மட்டும் தொடவில்லை. அந்த ஊரில் திட்டும்போது அம்மா அப்பாவை இழுக்கமாட்டார்கள், நோயை இழுப்பார்கள். ட்ரூஸிடம் எல்லா நோயும் கைவசம் இருந்தது.

"ட்ரூஸ், நம்ம கொல்லை பேப்பர்ல வந்திருக்கு பாரு!" என்று லாமெர்ட் அன்றே அவள் கட்டிலருகே போய்ப் படத்தைக் காட்டினார்.

"காலரா," என்றாள் ட்ரூஸ், படத்துப் பெண்ணை உற்றுப் பார்த்து. அந்தப் பெண் கத்தி பிடித்திருந்த லட்சணத்தைக் காட்டி, "பேதியில போவா," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"ஆமாமா, கத்திய அப்படிப் பிடிச்சா கைய அறுத்துக்குவா. போட்டோவுக்காக உக்கார வச்சிருப்பாங்க போல. சரி, அடுத்த வாரம் கொத்தனார் வர்றாரு. நீ வீட்டுக்கு வந்துருவ."

அவள் இடதுகையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே பேரவையிலிருந்து ஆள் வந்தது. பின்புலத் துறைத் தலைவி முனைவர் டூர்ன். நெடுநெடுவென்று, கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க, வீட்டுக்குள் வந்தார். லாமெர்ட்டின் முகத்தைப் பார்க்காமல் நேரே கொல்லைக்குப் போய்ச் சுவர் முன்னால் நின்று கண்ணீர் விட்டார்.

பேரவையில் இரண்டு துறைகள் என்று பிறகு விளக்கினார். படத்தில் முன்னால் இருப்பவை, அதாவது தொப்பி, மீன், கத்தி, முனைவர் ஸ்டோஃபெலின் முன்புலத் துறையைச் சேர்ந்தவை. பின்னால் இருப்பவை இவருடைய துறைக்கு. இரண்டு துறைகளும் வெவ்வேறு மாடியில், வெவ்வேறு காப்பி இயந்திரத்தோடு இயங்குகின்றன. வாளி யாருக்குச் சொந்தம் என்ற விவகாரத்துக்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

"இந்தப் பொண்ணு யாரும்மா?" என்று கேட்டார் லாமெர்ட்.

"எந்தப் பொண்ணு?"

"படத்துல இருக்குதே."

"ஓ, அவங்களா. அவங்க முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல. நடுவுல இருக்காங்க. நடுவுல இருக்கறதுக்கு எங்ககிட்ட இன்னும் துறை அமைக்கல ஐயா."

லாமெர்ட் தலையாட்டினார். பிறகு, சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்து, "அடுத்த வாரம் இந்தச் சுவர இடிக்கிறோம். என் வீட்டுக்காரிக்குக் குளியலறை கட்டணும். நீங்க அதுக்குள்ள வேணுங்கற படம் எடுத்துக்கங்க," என்றார்.

முனைவர் டூர்ன் பம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. லாமெர்ட் பதறிப்போய் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு அந்த அம்மாள் முதல் காரியமாக நகரமன்றத்துக்குத் தொலைபேசி செய்தார். மதியம் கொத்தனாரின் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. ஆய்வு முடியும்வரை சுவரில் கை வைக்கக் கூடாது.

கை வைக்கக் கூடாது என்றால் இடிக்கக் கூடாது என்று மட்டும் லாமெர்ட் புரிந்துகொண்டார். அது அவருடைய அறியாமை. சுவரைப் பெருக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. செங்கல் இடுக்கில் காரை பெயர்ந்திருந்தாலும் பூசக் கூடாது, ஏனென்றால் அவை அசல் ஓட்டைகள். பாசி அப்படியே இருக்க வேண்டும். சைக்கிளை அங்கே சாய்க்கக் கூடாது. துணி காயப்போடக் கூடாது. சிட்டுக்குருவி வந்தால் விரட்டக் கூடாது, அந்தக் காலத்திலும் சிட்டுக்குருவி இருந்தது. புறா வந்தால் பேரவைக்குத் தெரிவிக்க வேண்டும். கொல்லைக் கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது. லாமெர்ட் சைக்கிளைக் கூடத்தில் நிறுத்திவிட்டு, தன் வீட்டுக் கதவைத் தானே திருடன் மாதிரி பையச் சாத்தக் கற்றுக்கொண்டார்.

சில வாரங்களில் அந்தச் சுவர் 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்த பின்புலம்' என்று அறிவிக்கப்பட்டது. அதற்காகப் பேரவைத் தலைவர் பேராசிரியர் வெஸ்டர்பான் நேரில் வந்தார். வெள்ளைத் தாடி, சிவப்புக் கால்சட்டை, சதா எதையோ மன்னிக்கிற மாதிரி ஒரு புன்னகை. அவர் சுவரைப் பற்றிப் பேசினார், எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும் சும்மா நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். லாமெர்ட்டும் நின்றார்.

முனைவர் டூர்ன் அவர் காதில் குசுகுசுத்தார். "கேக் எங்க ஐயா?"

"என்ன கேக்?"

"விசேஷம் உங்க வீட்டுல. நீங்கதானே வாங்கணும்?"

அந்த நாட்டு வழக்கம் அதுதான். பிறந்தநாள் யாருக்கோ அவரே எல்லோருக்கும் கேக் வாங்க வேண்டும். இவர்களுடைய அறிவிப்பால் தன் மனைவியின் குளியலறையைப் பறிகொடுத்த மனிதர், பறித்தவர்களுக்குக் கேக் வாங்க அடுமனைக்கு ஓடினார். வரிசையில் நிற்கும்போதுதான் இது அநியாயம் என்று உறைத்தது. ஆனாலும் வாங்கினார். வழக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. பேராசிரியர் இரண்டாம் துண்டையும் எடுத்துக்கொண்டு, "க்ரீம் கொஞ்சம் கம்மி," என்றார்.

மிச்சமிருந்த துண்டை லாமெர்ட் ட்ரூஸுக்கு எடுத்துப்போனார். கேக்கையும் அவர் முகத்தையும் பார்த்ததும் அவளுக்குக் கொத்தனார் வரவில்லை என்று விளங்கிவிட்டது.

"டைஃபாய்டு," என்றாள் மெதுவாக. அன்று அவள் கேக்கைத் தொடவில்லை.

அதற்கப்புறம் வெயில் ஆய்வு. படத்தில் சுவர்மேல் ஒரு சாய்ந்த வெயில் விழுந்திருந்தது. அதே சாய்வில் வெயில் விழும் நாளில் சுவரை அளந்தால்தான் ஆய்வு முழுமை பெறும். வசந்தத்தில் சில காலைகள், இலையுதிர் காலத்தில் சில காலைகள், அவ்வளவுதான் அந்தச் சாய்வு கிடைக்கும். ஹாலந்தில் அந்தக் காலைகளில் என்ன நடக்கும் என்று ஹாலந்துக்காரர்களுக்குத் தெரியாதா? மழை பெய்தது. முனைவர் டூர்னும் பரிவாரமும் குடை பிடித்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்து வெயிலுக்காகக் காத்திருந்தார்கள். இலையுதிர் காலத்தில் மறுபடி வந்தார்கள், மறுபடி மழை. அடுத்த வசந்தத்தில் ஒரு நாள் வெயில் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பேரவைக்கு விடுமுறை. லாமெர்ட் தொலைபேசி செய்தார். 'அலுவலக நேரத்தில் அழைக்கவும்' என்று ஒரு பதிவுக் குரல் இனிமையாகச் சொன்னது. அந்த வெயில் சுவர்மேல் விழுந்து, நகர்ந்து, போயிற்று. லாமெர்ட் ஒற்றை ஆளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழகாகத்தான் இருந்தது. அதை நினைத்து அவருக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

இதற்கிடையில் ட்ரூஸ் இளைத்துப்போனாள். பராமரிப்பு இல்லத்தில் வாரம் ஒரு முறை குளிப்பாட்டுவார்கள், அதுவும் ஆள் இருந்தால். மீன்காரியாக இருந்த காலத்தில் தினமும் சாயங்காலம் சுடச்சுடத் தண்ணீர் ஊற்றி, தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தவள். இப்போது வசவுகள்கூடக் குறைந்துகொண்டு வந்தன. அவள் திட்டாமல் இருப்பதுதான் லாமெர்ட்டைப் பயமுறுத்தியது.

"ஏதாவது சொல்லு ட்ரூஸ். என்னையே திட்டு. நான்தானே போன் பண்ணேன்," என்பார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

லாமெர்ட் கடிதம்மேல் கடிதம் எழுதிக்கொண்டே இருந்ததால் கடைசியில் பேரவை ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டது. அந்த நாட்டில் எதையும் எல்லோரும் கூடிப்பேசி, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் செய்வார்கள். கடலைத் தடுத்து அணை கட்டிய காலத்திலிருந்து அப்படித்தான், கடல் மட்டும்தான் கூட்டத்துக்கு வந்ததில்லை. கூட்டத்தில் முன்புலத் துறை, பின்புலத் துறை, நகரமன்றம், பாசி ஆர்வலர் சங்கம் எல்லோருக்கும் நாற்காலி. சுவருக்கும் ஒரு நாற்காலி. கழுத்தில் பட்டுத்துணி சுற்றிய ஒருவர் அதில் உட்கார்ந்திருந்தார். சுவரின் சார்பில் பேசுவதற்காகச் சிறப்புப் பயிற்சி பெற்றவர்.

லாமெர்ட்டின் முறை வந்தது. எழுந்தார். பேருந்தில் அறிவிப்புச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம், கூட்டத்தில் பேசியதில்லை.

"என் வீட்டுக்காரி வீட்டுக்கு வரணும். அவளுக்குக் குளிக்க ஒரு இடம் வேணும். வேற ஒண்ணும் இல்லைங்க," என்றார்.

பட்டுத்துணிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எழுந்தார். "நான் சுவர் பேசுகிறேன். நான் எவ்வளவோ காலமாக நிற்கிறேன். நான் ஒருநாளும் குளிக்க வேண்டும் என்று கேட்டதில்லை," என்றார். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"அவ மனுஷிங்க," என்றார் லாமெர்ட்.

பேராசிரியர் வெஸ்டர்பான் புன்னகையோடு எழுந்தார். "ஐயா, உங்கள் துணைவியார்மேல் எங்களுக்கு அளவற்ற மரியாதை உண்டு. இந்தப் பேரவையே எளிய மக்களுக்காகத்தான். எளிய மக்களின் எளிய வாழ்வு! மீன் உரித்த கைகள்! அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எளிய மக்கள் தொடர்ந்து வாழ்ந்துகொண்டே இருந்தால் அவர்களுடைய வாழ்வை எப்படிப் பாதுகாப்பது? குளிக்கிறார்கள், கட்டுகிறார்கள், இடிக்கிறார்கள், எல்லாவற்றையும் பயன்படுத்திக் கெடுத்துவிடுகிறார்கள். நாங்கள் இல்லையென்றால் எளிய மக்களிடமிருந்து எளிய மக்களைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"நான் ஒத்துக்க மாட்டேன்," என்றார் லாமெர்ட். "எல்லாரும் ஒத்துக்கணும்ல? நான் ஒத்துக்கல."

அவையில் சலசலப்பு. பேராசிரியர் இருபக்கமும் குனிந்து கலந்தாலோசித்தார். பிறகு நிமிர்ந்தார். "நீங்க ஒத்துக்கலங்கறத நாங்க எல்லாரும் ஒத்துக்கறோம். நீங்களும் அத ஒத்துக்கறீங்கதானே?"

"ஆமா, ஒத்துக்கல."

"அப்போ அந்த விஷயத்துல நமக்குள்ள கருத்து வேறுபாடே இல்ல. தீர்மானம் ஒருமனதா நிறைவேறியாச்சு," என்று மணியை அடித்துவிட்டார்.

வெளியே வந்து லாமெர்ட் சைக்கிள் பூட்டில் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு ஃபென்னாதான் சரியான சாவியை எடுத்துத் திறந்துகொடுத்தாள்.

"உனக்கு இளகின மனசு லாமெர்ட். நானா இருந்தா அந்தத் தாடிய சுவத்துலயே வச்சுப் பூசிருப்பேன்," என்றாள்.

"காரை பூசக் கூடாதாம்," என்றார் லாமெர்ட். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆய்வின் உச்சகட்டமாக, படத்தை அதே இடத்தில், அதே முறையில் மறுபடி எடுத்துப் பார்ப்பது என்று பேரவை முடிவு செய்தது. வெள்ளித் தகடு தயாரானது. மரப்பெட்டி கேமரா வந்தது. எளிய பெண்ணாக நடிக்க ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு நடிகை வந்தார். அவருக்கு மீன் வாடை ஆகாது என்பதால் ரப்பர் மீன் வந்தது.

லாமெர்ட் பேராசிரியரிடம் போய் நின்றார். "ஐயா, என் வீட்டுக்காரி நிஜமாவே மீன்காரி. சந்தையில கேட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு, இந்தப் படத்துக்காகவாவது, அவளக் கூட்டிட்டு வரட்டுமா? அவ வீட்டப் பாத்து ரொம்ப நாளாச்சு."

பேராசிரியர் உண்மையிலேயே யோசித்தார். "நல்ல எண்ணம். ஆனா அவங்க சக்கர நாற்காலியில இல்ல இருப்பாங்க? அது அந்தக் காலத்துல கிடையாதே. அதோட அவங்க எளிய பெண்மணியா இருந்தா மட்டும் போதாது ஐயா, பாக்கறவங்களுக்கு அப்படித் தோணணும். அதுக்குத் திறமை வேணும்."

நடிகை அசையாமல் உட்கார்ந்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தகட்டை எடுத்துப்போய்க் கழுவினார்கள். ஊர்ப் பெரியவர்கள், பத்திரிகைக்காரர்கள், இரண்டு துறைகள் எல்லோரும் சூழ்ந்திருக்க, முனைவர் டூர்ன் தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

பம்பு வலதுபக்கம் இருந்தது. சுவர் எதிர்ப்பக்கமாகச் சரிந்தது.

முகம் பார்க்கும் கண்ணாடியைப் போலத்தான் அந்தத் தகடு. இடம் வலமாகும், வலம் இடமாகும். அந்தக் காலத்துத் தகடுகள் எல்லாமே அப்படித்தான். இது பேரவையில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இல்லை. ஆகவே பழைய படத்தைத் திருப்பிப் பார்க்கும் வேலையை முன்புலத் துறை செய்திருக்கும் என்று பின்புலத் துறை நினைத்திருந்தது. அது பின்புலத் துறையின் வேலை என்று முன்புலத் துறை நினைத்திருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் வாளி விவகாரம் இருந்ததே.

லாமெர்ட்டின் வீடும் ஃபென்னாவின் வீடும் இரட்டை வீடுகள், ஒன்றைப் பார்த்து ஒன்று கண்ணாடி போட்ட மாதிரி கட்டியவை. ஆகவே படத்தில் இருப்பது ஃபென்னாவின் கொல்லை. எல்லோருமாக வேலிமேல் எட்டிப் பார்த்தார்கள். அங்கே சுவரும் இல்லை, பம்பும் இல்லை. கண்ணாடிக் கூரை போட்ட சமையலறை இருந்தது. ஃபென்னா உள்ளே நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சுவரா? எப்பவோ இடிச்சாச்சு. நகரமன்றம் அனுமதி குடுத்தாங்களே," என்றாள்.

முனைவர் டூர்னைத் தாங்கிப் பிடித்தார்கள். லாமெர்ட்டின் முகம் மட்டும் விரிந்தது. பேராசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்போ இது வேற சுவரு! என் சுவர விட்ருவீங்க இல்ல? நாளைக்கே கொத்தனாரக் கூப்பிடறேன்."

பேராசிரியர் கையை விடுவித்துக்கொண்டார். அவருடைய புன்னகை கொஞ்சம்கூடக் கலையவில்லை. பத்திரிகைக்காரர்களைப் பார்த்துத் திரும்பினார்.

"நண்பர்களே, இன்று நாம் தவறு செய்தோம் என்று சிலர் சொல்லக்கூடும். பேரவை தவறு செய்வதில்லை, முன்னேறுகிறது. அசல் சுவர் அழிந்துவிட்டது. அழித்தவர்கள் எளிய மக்கள் என்பதைக் கவனியுங்கள். ஆக, அந்தச் சுவரின் பிரதிபிம்பமாக இன்று உலகில் மிச்சமிருப்பது இந்த ஒரே சுவர்தான். அதுமட்டுமல்ல, இந்த நாட்டில் எந்தச் சுவரும் இவ்வளவு முழுமையாக ஆராயப்பட்டதில்லை. இதன் ஒவ்வொரு ஓட்டைக்கும் எங்களிடம் எண் உண்டு. ஒரு சுவர் ஆராயப்பட்டதே அதை ஆராய்வதற்குப் போதுமான காரணம். இனி இது நிரந்தரமாகப் பாதுகாக்கப்படும்!"

லாமெர்ட் கைதட்டலுக்கு நடுவே கூடத்துக்குப் போய், சைக்கிளை வெளியே தள்ளி, பழைய பேருந்து நிலையத்துக்கு ஓட்டினார். அங்கே ஓய்வு பெற்ற ஓட்டுநர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"பெர்ட்டுஸ், எனக்கு நாலு ஆள் வேணும். கயிறும் வேணும்," என்றார்.

பெர்ட்டுஸ் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாரத் தூக்குல போடப்போற? அந்தத் தாடிக்காரனையா?"

"ட்ரூஸ வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறேன்."

ஐந்து பேர் எழுந்தார்கள்.

பழைய வீடுகளின் நெற்றியில் ஓர் உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் ஒரு கொக்கி. மாடிப்படி ஏறாத கட்டிலையும் அலமாரியையும் அதில் கயிறு கட்டித்தான் ஜன்னல் வழியே ஏற்றுவார்கள். மறுநாள் பராமரிப்பு இல்லத்தில் கையெழுத்துப் போட்டு, அவர்களுடைய எச்சரிக்கையை எல்லாம் கேட்டுக்கொண்டு, லாமெர்ட் ட்ரூஸை அழைத்துவந்தார். கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்து, போர்வை சுற்றி, பட்டி போட்டு இறுக்கினார்கள்.

"டேய், இவ பியானோவ விட கனமா இருக்காடா," என்றான் பெர்ட்டுஸ், கயிற்றை இழுத்துக்கொண்டே.

"கழிச்சல்ல போறவனே!" என்று மேலிருந்து குரல் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவள் போட்ட முதல் முழு வசவு. கீழே கயிறு பிடித்த கிழவர்கள் எல்லோரும் சிரித்ததில் நாற்காலி ஆடியது. லாமெர்ட் ஜன்னலில் நின்று இரண்டு கையாலும் அவளை உள்ளே வாரிக்கொண்டார். அழுதார். அழுததை யாரிடமும் மறைக்கவில்லை.

ஏற்றியாகிவிட்டது. தினமும் கயிறு கட்டி இறக்க வழியில்லை. கீழே குளியலறை இல்லாதவரை அவளுக்கு அந்த மாடியறைதான் உலகம். மாடியின் குறுகலான குளியலறைக்குள் அவள் நாற்காலி நுழையாது, ஆகவே லாமெர்ட் தினமும் அறையிலேயே தகரத்தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பி, கொல்லைப்பக்க ஜன்னலோரம் உட்காரவைத்து அவளைக் குளிப்பாட்டினார். தோல் சிவக்கத் தேய்த்துவிட்டார்.

ஒரு நாள் குளித்த தண்ணீரை வாளியில் மொண்டு ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத் துண்டெடுக்கத் திரும்பினார். ட்ரூஸ் கீழே பார்த்தாள். கொல்லையில் முனைவர் டூர்ன் சுவர் முன்னால் மண்டியிட்டு ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ட்ரூஸின் சொன்னபடி கேட்காத வலதுகை மெல்ல எழுந்தது, நடுங்கியது, வாளியைத் தள்ளியது.

கீழே ஓர் அலறல் கேட்டது. மேலே ட்ரூஸ் சிரித்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து லாமெர்ட் பார்த்ததே இல்லை. சுவர் தெப்பலாக நனைந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் ஜன்னலுக்கு வந்தார். வாயைத் திறந்தார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் வாளியைத் திண்டிலேயே வைத்தார். வலதுகைக்குப் பயிற்சி வேண்டும் என்று வைத்தியரும் சொல்லியிருந்தார். சுவரில் கை வைக்கக் கூடாது என்றுதான் ஆணை, தண்ணீரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. இது குறித்துப் பேரவை கூடி, இரண்டு துறைகளும் பேசாமல் இருந்ததால் முடிவெடுக்காமல் கலைந்தது. முனைவர் டூர்ன் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்து ஈரத்தை ஆராய்ந்தார். பூசக் கூடாத ஓட்டைகள் எல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

அந்த வருடம் குளிர் கடுமையாக இருந்தது. கால்வாய்கள் உறைந்து, ஊரே பனிச்சறுக்குக் காலணியை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. ஒரு நாள் காலை லாமெர்ட்டும் ட்ரூஸும் ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது கொல்லையில் விறகு பிளந்தது போல ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் நீளமான சரிவுச் சத்தம். சுவருக்குள் இருந்த தண்ணீர் உறைந்து விரிந்து, தேசிய முக்கியத்துவத்தை நடுவில் பிளந்து போட்டிருந்தது.

பேரவை முழுவதும் கறுப்பு உடையில் வந்தது. பாசி ஆர்வலர் சங்கம் மலர்வளையம் கொண்டுவந்தது. பட்டுத்துணிக்காரருக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு துறைத் தலைவர்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். பேராசிரியர் வெஸ்டர்பான் செங்கல் குவியலுக்கு முன்னால், ஜன்னலுக்கு நேர்கீழே நின்று, தொப்பியைக் கழற்றினார்.

"நம்மில் ஒருவராக வாழ்ந்த சுவர்," என்று தொடங்கினார். "இவ்வளவு காலம் இந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறேன். இங்கே இருந்த ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொள்ள முகத்தை உயர்த்தினார். உயர்த்தியவர் அப்படியே நின்றார்.

"ஐயா," என்று லாமெர்ட்டைக் கேட்டார், நிஜமான ஆச்சரியத்தோடு. "மேல ஜன்னல்ல ஒரு அம்மா இருக்காங்களே. அவங்க யாரு?"

கொத்தனாருக்கு அன்று காலையிலேயே சொல்லியாகிவிட்டது. லாமெர்ட்டுக்குக் கோபம்கூட வரவில்லை.

"அவ பேரு ட்ரூஸ். இது அவ வீடு," என்றார். "இப்பத்தான் குளிச்சு முடிச்சா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நிற்பது குறித்துக் கருத்துக் கேட்கப் பேராசிரியர் இரண்டு துறைத் தலைவர்கள் பக்கமும் திரும்பினார். மேலே வலதுகை எழுந்தது. இந்தமுறை நடுங்கவில்லை.